மாமன் சீரும் இரண்டு ஊசியும்

மருதாசலம் காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னாலேயே பெருங்காய டப்பாவைத் தேடிப் போவார். சமையல்கட்டு மேல்தட்டில், புளி ஜாடிக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் டப்பா. கட்டைவிரல் நகத்தால் மூடியை நெம்புவார். கண்ணை மூடிக்கொள்வார். வலது மூக்கை ஒரு விரலால் அடைத்து இடதால் ஓர் இழுப்பு. இடதை அடைத்து வலதால் ஓர் இழுப்பு. அந்தக் காட்டம் புருவ மத்தியில் போய் முட்ட வேண்டும். முட்டினால், "இருக்குது" என்று மெதுவாகத் தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைச் சாத்துவார்.

சில நாள் சந்தேகம் வந்துவிடும். நிஜமாகவே வாசம் வந்ததா, வரும் என்று நினைத்ததால் வந்த மாதிரி இருந்ததா? அன்றைக்குக் காப்பித்தூள். அதிலும் மனசு ஒப்பவில்லை என்றால், பட்டறைச் சட்டைப் பையில் கிடக்கும் வார்னிஷ் தோய்ந்த நூல்துண்டு. ஆனால் வார்னிஷ் வாசம் முப்பது வருஷமாக அவர் மூக்கிலேயே குடியிருக்கிறது. அது வெளியிலிருந்து வருகிறதா, ஏற்கெனவே உள்ளே இருந்ததா என்பதை அவரால் ஒருபோதும் தீர்மானிக்க முடிந்ததில்லை.

"மோந்தாச்சுங்களா?" என்பார் மனைவி ரங்கநாயகி, அடுப்படியிலிருந்து திரும்பாமலே. "இன்னிக்கு உசுரோட இருப்பீங்களா, சோத்துக்கு அரிசி போடலாமா?"

"போடு அம்மணி. ஆனா அந்தக் காயம் பழசாயிடுச்சாட்ட இருக்குது. புதுசு ஒண்ணு வாங்கோணும்."

"காயம் பழசாகலீங்க. மோந்து மோந்து நீங்கதான் வாசத்தைத் தீத்துப்போட்டீங்க."

பெரியநாயக்கன்பாளையத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, அவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. கிணற்றிலும் போர்வெல்லிலும் எரிந்துபோன மோட்டார்கள் அங்கே வரும். கருகின செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்துக் கொடுப்பார். மருதாசலம் கட்டின மோட்டார் மூன்று கோடை தாங்கும் என்று அன்னூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் சொல்வார்கள். அவருடைய சொந்த மோட்டார்கள் இரண்டும் நாற்பத்தொன்பது வயதில் நின்றுபோயின. ஒன்றரை வருஷம் டயாலிசிஸ். அதற்குப் பிறகு காரமடையில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா சென்னியம்மாள், யாரிடமும் யோசனை கேட்காமல் ஆசுபத்திரிக்கு வந்து, தன் இடது சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிறுநீரகத்தை உடம்பு அன்னியம் என்று விரட்டிவிடக் கூடாது. அதற்காகத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. டாக்டர் சொன்னதை மருதாசலம் தன் பாஷையில் புரிந்துவைத்திருந்தார். ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே சும்மா சும்மா மோட்டாரை நிறுத்துகிறது என்று சிலர் அந்த ரிலேயைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். மோட்டார் ஓடும். ஆனால் நிஜமான கோளாறு வந்தால் நிறுத்துவதற்கு ஆளில்லை. இவர் உடம்பு அப்படிக் கட்டிவைத்த ஸ்டார்ட்டர். கொரோனா தடுப்பூசி மூன்று தடவை போட்டும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி என்று பார்த்தால் புள்ளி நாலு. இருக்க வேண்டியதில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர்.

ஆகவே ஊரெல்லாம் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகும் அவர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். கொரோனா வந்தால் முதலில் வாசம் தெரியாமல் போகும் என்றுதான் காலைதோறும் அந்தப் பெருங்காயச் சோதனை. இரண்டரை வருஷமாகக் கல்யாணம் இல்லை, எழவு இல்லை, தேர் இல்லை. பட்டறையில் வேலைக்கு இருந்த வேலன்தான் வெளியாட்களிடம் பேசுவான். நாற்பது வயதுக்காரன், குரல் பெரிது. "மொதலாளி அக்கட்ட இருக்கறாருங்க, கிட்ட போகாதீங்க, அவரு பீங்கான்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

சென்னியம்மாள் மாதம் ஒரு தடவை வருவாள். வாசலில் கை கால் கழுவி, முகக்கவசம் போட்டு, எட்டடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் ஒரே கேள்வி.

"அது எப்படி இருக்குது?"

தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டாள். அவர் அடிவயிற்றின் வலதுபக்கத்தைப் பார்த்துக் கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்கக்கா."

"கிரியாட்டினு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"போன மாசம் ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு சொன்னே. ஊறுகா தின்னியா?"

"இல்லீங்க."

"தின்னாருங்க அண்ணி" என்றார் ரங்கநாயகி உள்ளிருந்து. "நார்த்தங்கா. ஒளிச்சுவெச்சுத் தின்னாருங்க."

"கட்டிக் குடுத்த ஊட்டுல புள்ளைய எப்படி வெச்சிருக்கறாங்கன்னு பாக்க வர்றவளாட்ட நானும் மாசாமாசம் வாரேன். நீ பொய் பேசிட்டு உக்காந்திருக்கறே" என்றாள் சென்னியம்மாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். "கயலுக்குப் பேசி முடிச்சாச்சு. கோபிப் பக்கம். தை மாசக் கடைசி முகூர்த்தம். நீ வர வேண்டாம்."

கயல்விழி அவளுடைய ஒரே மகள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மருதாசலம்தான் தாய்மாமன். மணையில் பெண்ணை உட்காரவைப்பதற்கு முன்னால் மாமன் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். வேறு எந்தச் சீரையும் ஆள் மாற்றிச் செய்துகொள்ளலாம். மாமன் உயிரோடு இருக்கும்போது மாமன் சீரை இன்னொருவன் செய்தால், மண்டபத்தில் சாப்பிட்டுக் கைகழுவுகிற ஒவ்வொருவனும் அதைப் பற்றித்தான் பேசுவான்.

"அப்ப பட்டம் ஆரு கட்டறது?"

"நம்ம பெரியப்பன் மகன் கட்டட்டும்."

"நான் செத்துப்போனனாக்கா?"

"சாகக் கூடாதுன்னுதானே சொல்றேன். ஆயிரத்தைந்நூறு ஒறம்பரை சனம் வருது. எவன் எதைக் கொண்டுவர்றான்னு ஆரு கண்டா? உன்ற மேல இருக்கற பாசத்துல சொல்லலை. என்றது ஒண்ணு உன்றகிட்ட இருக்குது. அதுக்காகச் சொல்றேன். என்றகிட்ட இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதையும் குடுத்துபோட்டு நான் எங்க போறது?"

பட்டம் கட்டப் போகாவிட்டால் அக்காவுக்கு ஊர் முன்னால் தலைக்குனிவு. போய் ஏதாவது ஆகிவிட்டால் அக்கா கொடுத்ததைத் தொலைத்த பாவம். இரண்டும் அக்காவுக்கே செய்கிற துரோகமாக இருந்தது. அன்றைக்கு முழுக்க மருதாசலம் ஒரே மோட்டாரின் காயிலை மூன்று தடவை சுற்றி மூன்று தடவையும் பிரித்தார்.

ஆவணியில், கோயமுத்தூரில் அவர் போகும் ஆசுபத்திரியில், ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். விவரம் சொல்ல இஸ்மத் என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உக்கடத்துக்காரி. பதினெட்டுப் பக்கத் தாள்கட்டு ஒன்றை மேசையில் வைத்தாள்.

"இது தடுப்பூசி இல்லீங்க சார். தடுப்பூசிங்கறது உங்க உடம்புக்குச் சமைக்கச் சொல்லிக் குடுக்கறது. நீங்க திங்கற மாத்திரை அடுப்பையே பத்தவைக்க உடமாட்டேங்குது. இது சமைச்சதையே கொண்டுவந்து குடுக்கறது. ஆன்டிபாடி. கிருமி வந்தா மேல போய் ஒட்டிக்கிட்டு உள்ள உடாது. ஆறு மாசம் வரைக்கும் ரத்தத்துல இருக்கும்."

"ஆறு மாசங்களா?" மருதாசலம் விரல் விட்டு எண்ணினார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. தை உள்ளே வந்தது. "ஆரு சமைச்சதுங்க அது?"

"நோய் வந்து பொழைச்சவங்க ரத்தத்துல இருந்து மாதிரி எடுத்து, லேபுல வளத்தறதுங்க."

"எந்த ஊருக்காரங்க?"

"அது தெரியாதுங்க சார்."

"ஒரு பேச்சுக்குக் கேட்டனுங்க." ஒரு பேச்சுக்குக் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருத்தியின் கடன் வயிற்றில் இருக்கிறது. முகம் தெரியாத இன்னொருத்தருடையதும் ரத்தத்தில் ஓடப்போகிறது என்றால் யாரை நினைத்துக் கும்பிடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இன்னொண்ணு சொல்லோணுங்க" என்றாள் இஸ்மத். "சேர்ற மூணு பேருல ரெண்டு பேருக்குத்தான் மருந்து. ஒருத்தருக்கு வெறும் உப்புத் தண்ணி."

"எனக்கு?"

"எனக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்."

"அதுகிட்டக் கேட்டா?"

"கேக்கக் கூடாதுங்கறதுதானுங்க ஆராய்ச்சி."

மருதாசலம் அந்தத் தாள்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, நான் ஒரு சம்சாரிகிட்டப் போயி, மூணு மோட்டாருல ரெண்டுக்குத்தான் காயில் கட்டியிருக்கறேன், உன்றது எதுன்னு கேக்காம எடுத்துட்டுப் போயிக் கெணத்துல எறக்குன்னு சொன்னா, அவன் என்னையக் கெணத்துல எறக்கிருவானுங்களே?"

இஸ்மத் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, முக்கியமானது என்று விரலால் தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். வெளியே எந்த லேபிலும் ஆன்டிபாடி பரிசோதனை எடுக்கக் கூடாது. யாருக்கு எது என்று தெரிந்துவிட்டால் பயத்தில் ஒருவர் வீட்டுக்குள் இருப்பார், தைரியத்தில் ஒருவர் ஊர் சுற்றுவார். கணக்குக் கெட்டுப்போகும். "முன்ன மாதிரியே மாஸ்க்கு போட்டுட்டு, ஜாக்கிரதையா இருங்க. ஊசியே போடலைன்னு நெனச்சுக்கங்க."

ஊசியே போடவில்லை என்று நினைக்க வேண்டும் என்றால் எதற்கு ஊசி போட்டுக்கொள்வது? கேட்க நினைத்தார். கையெழுத்துப் போட்டார். இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி. வீட்டுக்கு வரும்வரை காரில் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தார்.

செய்தி கேட்டு அக்கா வீட்டுக்காரர் பாலுசாமி போன் செய்தார். பாலுசாமிக்குக் காரமடையில் வாழைத் தோட்டம். எதையும் கேலி பேசாமல் அவரால் முடிக்க முடியாது.

"ஏனுங் மாப்பிள்ளை, எவனோ ஒருத்தன் எதிர்ப்புச் சக்தியை ஏத்தியிருக்கறாங்களாமே. என்ன கூட்டம், என்ன குலம்னு விசாரிச்சீங்களா?"

"அதையெல்லாம் சொல்ல மாட்டேங்கறாங்க மச்சான்."

"என்ன போங்க. நம்ம கூட்டமா இருந்துட்டா என்ன பண்றது? எனக்குப் பங்காளி ஆயிருவீங்க. அப்பறம் உங்கக்காளை நான் கட்டியிருக்கறதே செல்லாது. கயல் கல்யாணமும் நின்னுபோகும்."

"மூணுல ஒண்ணு உப்புத் தண்ணியாமா மச்சான்."

"அப்ப ஊறுகாயை நிறுத்துங்க. உப்பு ஏற்கெனவே ஏறிடுச்சு."

அதற்கப்புறம் மருதாசலத்துக்கு உலகம் மும்மூன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பட்டறை எதிரே டீக்கடையில் மூன்று பேர் நின்றால், எந்த ஒருவன் என்று பார்ப்பார். மின்கம்பத்தில் மூன்று கம்பி, எந்த ஒன்று. உடம்புக்குள்ளும் கவனித்துப் பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் இரண்டு நாள் வலித்தது. மருந்தாக இருந்தால் வலிக்கும் என்று தோன்றியது. உப்புத் தண்ணி என்றால் வலிக்காதா? ரங்கநாயகியிடம் கேட்டார். "ஊசின்னா வலிக்கத்தானுங்க செய்யும், அதுல என்ன இருந்தா என்ன?" என்றார். அது சரியாகவும் இருந்தது, ஒன்றுக்கும் உதவாததாகவும் இருந்தது.

தப்பு நடந்தது மார்கழியில்.

அன்றைக்கு வேலன் ஒரு மோட்டாரை மாட்டி முடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். "மெக்கர் வெச்சியா?" என்று கேட்டார் மருதாசலம். மெக்கர் என்பது காயிலின் உறை சரியாக இருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் கருவி. கைப்பிடியைச் சுற்றினால் முள் நகரும். கசிவு இருந்தால் முள் பூச்சியத்துப் பக்கம் விழும். கசிவே இல்லை என்றால் அளவுக் கோடுகளையெல்லாம் தாண்டி, கடைசியில் இருக்கும் படுத்த எட்டு அடையாளத்தில் போய் நிற்கும். அளவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் நல்ல காயில் கிடையாது.

"நல்லாத்தானுங்க கட்டியிருக்குது, எதுக்கு..." என்றான் வேலன்.

"எறக்கு" என்றார் மருதாசலம். "முப்பது வருஷமா மெக்கர் வெக்காம ஒரு மோட்டாரு இந்தப் பட்டறைப் படி தாண்டினதில்லை. நல்லாத்தான் இருக்குதுன்னு நீ நெனச்சா ஆச்சா? முள்ளு சொல்லோணும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே சுருக்கென்றது. முள்ளைக் கேட்காமல் அவரே கிணற்றில் இறங்கப் போகிறார், இன்னும் நாற்பது நாளில்.

மறுநாள் துடியலூரில் ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் போனில் தாள் வந்தது. கீழே அளவு போட்டிருந்தது. புள்ளி எட்டுக்கு மேல் இருந்தால் எதிர்ப்புப் பொருள் உண்டு. அவருக்கு நேராக, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். கருவியால் அதற்குமேல் அளக்க முடியாது என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

முள் படுத்த எட்டில் நிற்கிறது. அவருக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

காரமடைக்குக் காரில் போய், வாசலில் நின்றபடியே அக்காவிடம் போனை நீட்டினார். அவளுக்கு எண்கள் புரிந்தன, அர்த்தம் புரியவில்லை. மகளைக் கூப்பிட்டாள். கயல்விழி படித்துவிட்டுத் தன் போனில் எதையோ தேடினாள்.

"மாமா, ஆன்டிபாடி இருக்குதுன்னுதான் இதுல போட்டிருக்குது. நோய் வராதுன்னு எங்கயும் போடலை."

"இருந்தா தடுக்காதா கண்ணு? தடுக்கறதுக்குத்தானே இருக்குது?"

"அதான் எனக்கும் தெரியலைங்க மாமா. ஒரு பக்கம் தடுக்கும்ங்கறாங்க. ஒரு பக்கம் கிருமி மாறிட்டே இருக்குதுங்கறாங்க. உங்க டாக்டரையே கேட்டுருங்க."

டாக்டரைக் கேட்கப் பயமாக இருந்தது. இஸ்மத்துக்குப் போன் செய்து, சுற்றி வளைத்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், அத்தனை தடவை சொன்னனே."

"தப்புத்தானுங்கம்மா. எங்க தொழில் அப்படி. முள்ளு பாக்காம ஒண்ணை நம்பிப் பழக்கமில்லை."

"உங்க பேருல இதை நான் எழுதிவெக்கோணும். போகட்டும். இப்ப ஒண்ணு கேட்டுக்கங்க. அந்த எண்ணை வெச்சு மருந்துதான் போட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியாம நோய் வந்து போயிருந்தாலும் கொஞ்சம் ஏறும். மருந்தே போட்டிருந்தாலும், எண்ணு பெருசா இருக்கறதும் கிருமியைத் தடுக்கறதும் ஒண்ணு இல்லீங்க. அந்த டெஸ்ட்டு பழைய கிருமியை வெச்சு அளக்கறது. கூட்டத்துக்குப் போகாதீங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

மருதாசலம் 'சரிங்கம்மா' என்றார். சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. சேர்த்துப் பார்த்தால் விளங்கவில்லை. இருக்கிறது, ஆனால் இருப்பதாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. தடுத்தாலும் போகக் கூடாது. இப்படிப் பேசுகிற ஒருவரிடம் அவர் ஆயுளில் ஒரு மோட்டாரைக் கொடுத்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பதும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் குழப்பத்தையெல்லாம்விடப் பெரிய குழப்பம்.

இஸ்மத் சொன்னதை அப்படியே அக்காவிடம் போனில் ஒப்பித்தார். மறைக்கவில்லை. எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்திருந்தார்.

சென்னியம்மாள் முழுதும் கேட்டுக்கொண்டாள். "சரி, வா" என்றாள்.

"என்னக்கா?"

"வான்னு சொல்றனில்ல. நான் சொல்றபடிதான் வரோணும். மொத நா வரக் கூடாது. முகூர்த்தத்துக்கு நேரா வா. பக்கவாசல்ல வந்து மேடையேறு, பட்டத்தைக் கட்டு, எறங்கு, கெளம்பு. சோறு கெடையாது. எவன் கையைப் புடிச்சாலும் குடுக்காதே."

இவ்வளவு லேசில் அவள் இறங்கிவந்தது மருதாசலத்தைச் சந்தோஷப்படுத்தவில்லை, பயமுறுத்தியது. போனால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை, வராதே என்று சொன்னால் அழலாம் என்று வைத்திருந்த கண்ணீரை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

தை மாதக் குளிர். மேட்டுப்பாளையம் ரோட்டு மண்டபம். மருதாசலம் இரட்டை முகக்கவசம் போட்டு, பட்டு வேட்டியோடு பக்கவாசலில் நுழைந்தபோது ஏதோ ஒன்று வழக்கமாக இல்லை என்று பட்டது. குளிர்காலத்தில் மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. நாலு பெரிய காற்றாடிகள் மேடையிலிருந்து வெளியே பார்த்து ஊதின. சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பாட்டுச் சொன்னதில் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. சாதாரணமாக அறுபது பேர் நெருக்கியடிக்கிற மேடையில் பத்துப் பேர்கூட இல்லை. படியடியில் சென்னியம்மாள் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று, ஏறவந்த ஒறம்பரையை எல்லாம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏறாதீங்க சின்னம்மா, போட்டோக்காரரு மறைக்குதுங்கறாரு."

"போட்டோக்காரன் சொன்னா நான் எறங்கணுமா? பொண்ணைப் பெத்தவளுக்கே நான் சின்னம்மாடி!"

"நீங்க ஏறினா பலகை தாங்காதுங்க சின்னம்மா, போயி மொதப் பந்தியில உக்காருங்க."

பெண்ணின் அப்பா மட்டும் எங்கும் இல்லை.

"மச்சான் எங்கக்கா?"

"வயிறு சரியில்லை. மேல ரூம்புல படுத்திருக்கறாரு."

"முகூர்த்த நேரத்துலயா? நான் ஒரு எட்டுப் பாத்துட்டு..."

"போகாதே!" என்றாள். அவளிடம் அவர் அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை. "உனக்குச் சொன்ன வேலையை மட்டும் பாரு."

கீழே முதல் வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கட்டுனவளோட கிட்னியைத் தம்பிக்காரனுக்குக் குடுத்ததே பாலுசாமிக்குப் புடிக்கலையாமா. இன்னைக்கு அவன் மேடையேறவும் இவரு ஏற மாட்டேன்னுட்டாராமா." "இருக்கும், இருக்கும். பெத்த அப்பன் தாரை வாக்காம எங்கயாவது உண்டா?"

மருதாசலத்துக்குக் காது சுட்டது. போனில் அத்தனை கேலி பேசின மனுஷன். இத்தனை வருஷமும் உள்ளே வைத்துக்கொண்டா பேசினார்?

கயல்விழியைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். மருதாசலம் பட்டத்தை எடுத்தார். கோடிக்கணக்கான முடிச்சுகளைப் போட்ட கை, நூலின் இரண்டு முனையையும் சேர்க்கத் தெரியாமல் இரண்டு தடவை நழுவவிட்டது.

"மாமா" என்றாள் கயல்விழி மெதுவாக, உதடு அசையாமல். "மூச்சு உடுங்க மாமா."

அப்போதுதான் மேடையேறியதிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. விட்டார்.

"இறுக்காதீங்க, வலிக்குது. இது மோட்டாரு இல்லீங்க."

சிரிக்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது. பட்டம் நெற்றியில் நின்றது. கைபிடித்து மணைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். பாலுசாமியின் அண்ணன் வந்து, தம்பி இடத்தில் நின்று தாரை வார்த்தார். மருதாசலம் பக்கவாசலால் இறங்கிக் காரில் ஏறும்போது கெட்டிமேளம் கேட்டது. மாடி ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. அங்கே யாரோ நின்ற மாதிரி இருந்தது. கை தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பத்து நாள் காத்திருந்தார். காய்ச்சல் வரவில்லை. கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டு. பாலுசாமி ஒரு வாரம் போனை எடுக்கவே இல்லை. எடுத்தபோது குரல் கம்மியிருந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சு மாப்பிள்ளை. கல்யாண வேலையில கத்திக் கத்தி."

மாடியில் படுத்திருந்தவர் யாரைப் பார்த்துக் கத்தினார்? கோபம் என்றால் கோபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இது என்ன மாதிரிக் கோபம் என்று பிடிபடாமலே ஒரு வருஷம் ஓடியது. போனில் பேசும்போதெல்லாம் பாலுசாமி பழையபடியே கேலி பேசினார். மருதாசலம்தான் ஒவ்வொரு கேலிக்குள்ளும் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஊசியாவது தன்னைக் காப்பாற்றியது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆராய்ச்சி முடிந்து இஸ்மத் கூப்பிட்டாள்.

"சார், இப்பச் சொல்லலாமுங்க. உங்களுக்குப் போட்டது மருந்துதான்."

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே!" அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இருங்க சார், முழுசாக் கேளுங்க. அந்த மருந்து முன்னால இருந்த கிருமிக்குன்னு செஞ்சது. நீங்க கல்யாணத்துக்குப் போன தை மாசம் ஊருல சுத்திட்டிருந்தது வேற வகை. மருந்து ரத்தத்துல இருந்துச்சு. ஆனா அந்தக் கிருமி மேல அது ஒட்டவே ஒட்டாது. அப்பறந்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. அதான் இப்ப அதை யாருக்கும் போடறதில்லை."

"அப்ப அன்னைக்கு என்றகிட்ட..."

"ஒண்ணும் இல்லாத மாதிரித்தானுங்க."

"பின்ன எனக்கு ஏன் வரலை?"

"தெரியலைங்க சார்" என்றாள் இஸ்மத். "நெசமாவே தெரியலை."

வராத காரணத்தைச் சொன்னவள் கயல்விழி. அதற்கும் நாலு மாதம் கழித்து, பிரசவத்துக்குக் காரமடை வந்திருந்தபோது. அவள் அம்மா யாரும் மாமாவிடம் சொல்லக் கூடாது என்று தன் வயிற்றில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாணத்தன்று விடிகாலை, மேடையேற வேண்டிய பதினோரு பேரையும், அருமைக்காரர் முதல் மணப்பெண் வரை, மண்டபத்துச் சமையல்கட்டில் வரிசையாக நிறுத்தி, மெடிக்கலில் வாங்கின கொரோனா கிட்டை வைத்து ஒவ்வொருவர் மூக்கிலும் சென்னியம்மாளே குச்சி விட்டாள். பத்துப் பேருக்கு ஒரு கோடுதான் விழுந்தது, கிருமி இல்லை. மூன்று நாளாக மண்டபத்திலேயே கிடந்து வேலை பார்த்த பாலுசாமிக்கு மட்டும் இரண்டு.